நித்தியகல்யாணி வாடினால், வெளிறினால், பூக்க மறுத்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழி

நித்தியகல்யாணி வறட்சியைத் தாங்கும், கடும் வெயிலைத் தாங்கும், சத்துக் குறைந்த மணலிலும் பூக்கும். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி இன்று வெப்பமண்டல நாடுகளெங்கும் கல் இடுக்கிலும் சுவர் ஓரத்திலும் தானாகவே முளைத்து நிற்கிறது. அதைக் காணும் எவருக்கும், இதை வளர்ப்பதில் என்ன சிக்கல் வந்துவிட முடியும் என்றுதான் தோன்றும். ஆனால் கவனிப்பார் இல்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் செழிக்கிற அதே செடி, நாள்தோறும் பார்த்துப் பார்த்து வளர்க்கும் தொட்டியில் மூன்றே வாரத்தில் மடிந்துபோவதும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். வேர் அழுகும்போது தோன்றும் அறிகுறியும் தாகத்தில் தோன்றும் அறிகுறியும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றே: இலை தொங்குகிறது. அதைக் கண்டதும் கை பூவாளியைத் தேடுகிறது. செடி அன்றே தன் கடைசி வாய்ப்பை இழக்கிறது. ஆகவே கீழே சொல்லப்படும் அனைத்துக்கும் முன்னதாக ஒரு விதியை வலியுறுத்த விரும்புகிறேன்: மண்ணைத் தொட்டுப் பார்க்காமல், ஐயமிருந்தால் வேரையே வெளியே எடுத்துப் பார்க்காமல், எதையும் ஊற்றவும் வேண்டாம், தெளிக்கவும் வேண்டாம்.

நலமான செடியின் தேவைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் கோளாறு எங்கே என்பது எளிதில் புலப்படும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில், நீர் தேங்காத மண், 5.5 முதல் 6 வரையிலான சற்றே அமிலமான பி.எச். நிலை, 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம், ஒருமுறை நீர் ஊற்றியபின் மேல்மண் உலரும் வரை பொறுத்திருத்தல் ஆகியவைதாம் அவை. உரத்தைப் பொறுத்தவரை இது சிறிதளவே உண்ணும் செடி.

இலைகள் துவண்டு தொங்குகின்றன

முதலில் நேரத்தைப் பாருங்கள். நடுப்பகலில் இலைகள் நடுநரம்பை ஒட்டி மேல்நோக்கி மடிந்து, படகுபோலக் குவிந்து, வெயில் தணிந்ததும் தாமாகவே விரிந்துவிட்டால் அது நோயன்று. நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளச் செடி தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. விடியற்காலையிலும் இலைகள் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மண். விரலை ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்குச் செலுத்திப் பாருங்கள். தொட்டியாக இருந்தால் அதைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நம்பகமான சோதனை. நீர் ஊற்றி வடிந்த தொட்டியின் கனத்தையும் காய்ந்த தொட்டியின் கனத்தையும் கை ஒருமுறை அறிந்துகொண்டால் அதன்பின் வேறு கருவி தேவைப்படாது. மண் உலர்ந்து தொட்டி லேசாக இருந்தால் அது உண்மையான தாகம். அடித்துளை வழியே நீர் வெளிவரும் வரை நிதானமாக ஊற்றினால் சில மணி நேரத்தில் செடி நிமிர்ந்துவிடும். மிகவும் காய்ந்துபோன தென்னை நார்க்கழிவுக் கலவை, ஊற்றிய நீரை ஏற்காமல் ஓரமாகவே வழியவிட்டுவிடும். அப்படியானால் தொட்டியை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுத்து முழுவதும் வடியவிட வேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. மண்துகள்களுக்கிடையே உள்ள இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொண்டதால் வேர்த்தூவிகள் மூச்சின்றி மடிந்திருக்கும். நீரை உறிஞ்ச உறுப்பே இல்லாத நிலையில், நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. இப்படி வலுவிழந்த வேரைத்தான் மண்ணில் வாழும் அழுகல் நோய்க்கிருமிகள் முதலில் பிடிக்கின்றன. நான் களிமண் பாத்தி ஒன்றில் வெள்ளைப்பூ வகையை ஒரு வரிசையாக நட்டு, இலை தொங்கும்போதெல்லாம் காலையும் மாலையும் நீர் விட்டு, அவை ஒவ்வொன்றாகச் சாய்வதைக் கண்டும் காரணம் புரியாமல் நின்றிருக்கிறேன். கடைசிச் செடியைத் தோண்டி எடுத்தபோது வேர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறக் கூழ்தான் இருந்தது. அன்று முதல், துவண்ட செடியின் வேரைப் பார்க்காமல் நான் நீர் விடுவதில்லை.

தொட்டியைச் சாய்த்து மண்கட்டியோடு செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி மென்மையாக இருக்கும்; அதை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, நடுவே உள்ள நூல் போன்ற இழை மட்டும் செடியில் எஞ்சும். இந்த அறிகுறி தெரிந்தால் பித்தியம் அல்லது பைட்டோப்தோரா வகைக் கிருமிதான் காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். வேர் முழுவதும் மென்மையாகாமல் ஆங்காங்கே கரிய பட்டைகள் மட்டும் தெரிந்தால் அது கருவேர் அழுகல். குளிர்ந்த, காரத்தன்மை மிகுந்த மண்ணில்தான் அது வலுப்பெறும்.

பாதிக்கு மேற்பட்ட வேர் நலமாக இருந்தால் செடியைக் காப்பாற்றலாம். அழுகிய பகுதிகளைக் கூர்மையான, சுத்தமான கத்தியால் வெட்டி நீக்கி, பழைய மண்ணை முழுவதும் உதறிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு பருமணல் அல்லது பெர்லைட் (இலேசான வெண்ணிறக் கல்துகள்) கலந்த புதிய கலவையில், வேரின் அளவுக்குப் பொருத்தமான சிறிய தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் நீர் தங்கி, விட்ட நோய் மீண்டும் வரும். குறைந்துபோன வேர் தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பகுதியையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் வைத்திருந்து, பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். தரையில் நட்ட செடியானால், அடுத்த நடவுக்கு முன் பாத்தியை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவதே நிலையான தீர்வு. களிமண்ணில் ஒரு குழி மட்டும் தோண்டி அதில் நல்ல மண்ணை நிரப்பினால், அந்தக் குழி நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும்.

வேர் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் கிளை நுனிகள் பச்சையாகவும் கறையின்றியும் உள்ளன என்றால், செடியை விட்டுவிட்டு நுனியைக் காப்பாற்றுங்கள். பூ இல்லாத நுனிகளை 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, வெட்டிய இடத்தில் கசியும் பாலைத் துடைத்து, ஈரமான மணலில் நட்டு நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும்.

புதிதாக நட்ட நாற்று ஓரிரு நாள் தொங்குவது தனிக்கதை. இச்செடிக்கு ஆழ்ந்து இறங்கும் ஆணிவேர் உண்டு என்பதால் வேர் கலைவதை அது விரும்புவதில்லை. மாலையில் நட்டு, சில நாள் நிழல் கொடுத்தால் போதும்.

தண்டில் கரும்பழுப்புத் திட்டு, நுனி திடீரெனச் சரிகிறது

தொடர்ந்து சில நாள் மழை பெய்து, வெப்பமும் குறையாமல் இருந்தால், நேற்று வரை பூத்துக்கொண்டிருந்த செடியின் ஒரு கிளை மட்டும் இன்று வெந்நீர் பட்டதுபோல் சரிந்திருக்கும். அருகே சென்று பார்த்தால் தண்டிலோ இலைக்காம்பிலோ நீரில் ஊறியதுபோன்ற கரும்பழுப்புத் திட்டு ஒன்று தெரியும். அது தண்டைச் சுற்றி வளைத்த இடத்துக்கு மேற்பட்ட பகுதி அனைத்தும் மடிந்திருக்கும். வேர் அந்த நேரத்தில் முற்றிலும் நலமாகவே இருக்கலாம். இது பைட்டோப்தோரா கருகல் நோய். பாத்தி பாத்தியாக நித்தியகல்யாணியை அழிப்பதில் இதற்கு நிகரான நோய் வேறில்லை என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

இந்தக் கிருமி மண்ணில் தங்கியிருக்கிறது. மழைத்துளியோ பூவாளி நீரோ மண்ணில் மோதித் தெறிக்கும்போது, சேற்றுத்துளியோடு சேர்ந்து தண்டுக்கும் இலைக்கும் ஏறிவிடுகிறது. இலைமேல் ஈரம் நெடுநேரம் நிற்கும்போது உள்ளே நுழைகிறது. ஆகவே தடுக்கும் வழிகள் எல்லாம் இந்த இரண்டு நிலைகளை முறிப்பவைதாம். மண்மேல் இலைச்சருகையோ மரப்பட்டைத் துண்டுகளையோ தண்டைத் தொடாமல் மூடாக்காகப் பரப்பினால் தெறிப்பு குறையும். நீரைத் தலைமேல் ஊற்றாமல் அடியில், அதுவும் காலையில் விட்டால், தப்பித்தவறி நனைந்த இலையும் பகலுக்குள் காய்ந்துவிடும். செடிக்குச் செடி 25 முதல் 30 செ.மீ. இடைவெளி இருந்தால் காற்று ஊடாடும். தொட்டிகளை மழை நாட்களில் கூரை இறவாரத்தின் உள்பக்கம் நகர்த்தி வைப்பதும் பெரிய பயன் தரும்.

நோய் கண்டுவிட்டால், ஈரமில்லாத வேளையில், திட்டுக்குக் கீழே சில செ.மீ. நலமான தண்டையும் சேர்த்து வெட்டி எடுங்கள்; ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியைச் சாராயக் கரைசலில் துடையுங்கள். திட்டு அடித்தண்டிலேயே இருந்தால் செடியை வேரோடு எடுத்து, குப்பை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். பூஞ்சைக்கொல்லி வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சையன்று. பாசிகளுக்கு நெருங்கிய நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது. கார்பன்டசிம் போன்ற பரவலான பூஞ்சைக்கொல்லிகள் இதன்மேல் வேலை செய்வதில்லை. மெட்டலாக்ஸில், போசெட்டில் அலுமினியம் போன்றவையே இவ்வகைக்கு உரியவை. அவையும் நலமான செடியைக் காக்கும், சரிந்த கிளையை மீட்டுத் தரா. எந்த மருந்தானாலும் உறையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போக வேண்டாம்.

செடி மடிந்த அதே பாத்தியில் உடனே நித்தியகல்யாணியை நட்டுவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. கிருமியின் தடித்த உறையுடைய வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த இடத்தில் சில ஆண்டுகளாவது முற்றிலும் வேறு செடியை வளர்த்துவிட்டு, நித்தியகல்யாணியைப் புதிய கலவை நிரப்பிய தொட்டிக்கு மாற்றுங்கள். விதை வாங்கி வளர்ப்பவராயின், இந்நோயைத் தாங்கும்படி உருவாக்கப்பட்ட கோரா வரிசை போன்ற வகைகள் கிடைக்கின்றன. ஈரமான தட்பவெப்பத்தில் வளர்ப்போர் அவற்றை நாடுவது நியாயமே.

மண்ணும் தண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் தண்டு சுருங்கிப் பழுப்பாகி இருந்தால் அது ரைசோக்டோனியா என்னும் மண்பூஞ்சையின் வேலையாக இருக்கும். நடும்போது ஆழமாகப் புதைத்ததும், பிறகு தண்டைச் சுற்றி மண் அணைத்ததும் இதற்கு வழி செய்கின்றன. நாற்று முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும்.

இலைகள் மஞ்சளாகின்றன

எந்த இலை, இலையின் எந்தப் பகுதி என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்தால் காரணம் கிடைத்துவிடும்.

நுனியில் உள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. பெரும்பாலான தோட்டங்களில் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை; பி.எச். 6.5-ஐத் தாண்டும்போது அந்த இரும்பு வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. சுண்ணாம்பு கலந்த சுவரை ஒட்டி வைத்த தொட்டிகளிலும், உப்பும் சுண்ணமும் மிகுந்த கடினநீரை மாதக்கணக்கில் ஊற்றிய தொட்டிகளிலும் இது தவறாமல் தோன்றும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டர் நீருக்கு 2 முதல் 3 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் ஓரிரு வாரத்தில் பச்சை திரும்பும். ஆனால் அது தற்காலிக உதவியே. மண்ணில் இடுவதானால் செலேட் வடிவ இரும்பு, அதாவது வேர் எடுக்கக்கூடிய நிலையிலேயே பிணைத்து வைத்த இரும்பு வேண்டும். அதிலும் காரமண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ. வகைதான் நிலைத்து நிற்கும், இ.டி.டி.ஏ. வகை விரைவில் பயனற்றுப் போகும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், தொட்டி மண்ணை ஆண்டுக்கொருமுறை மாற்றுவதும் நோயின் வேரையே அறுக்கும்.

அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறை என்று கொண்டு, நன்கு மக்கிய உரத்தையோ நீரில் கரையும் உரத்தைப் பாதி வலுவிலோ கொடுக்கலாம். முதிர்ந்த இலைகளில் நரம்பிடை மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறைந்திருக்கும். மெக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஒருமுறை ஊற்றிப் பாருங்கள். செடி முழுவதும் ஒருங்கே வெளிறினால் உரத்தைத் தொடாதீர்கள். அது குளிரின் அடையாளம் அல்லது நனைந்த வேரின் அடையாளம். இரவு வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கும் காலத்தில் நித்தியகல்யாணி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அப்போது ஊட்டப்படும் உரம் வேரைச் சுடும், ஊற்றப்படும் நீர் வேரை அழுகச் செய்யும். உறைபனி விழும் நாடுகளில் இதை ஓராண்டுச் செடியாகவே நடுவார்கள், அல்லது தொட்டியோடு வீட்டுக்குள் எடுத்துச் சென்று, வெயில் விழும் சன்னலருகே வைத்து, மிகக் குறைவாக நீர் விட்டுக் காப்பார்கள்.

இலை விளிம்பு மட்டும் காய்ந்து பழுப்பாகி, தொட்டி மண்ணின்மேல் வெண்படலம் தெரிந்தால் உப்புத் தேக்கம். தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றி வடியவிட்டு, ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள்.

பூக்கள் பச்சையாகின்றன, இலைகள் சிறுத்துக் கொத்தாகின்றன

இளஞ்சிவப்பாக மலர வேண்டிய பூ பச்சையாக, இதழ்கள் தடித்து இலைபோல மாறி, கிளை நுனியில் சின்னஞ்சிறு இலைகள் துடைப்பம்போல அடர்ந்து நின்றால், இதைப் புதுமையான வகை என்று எண்ணி அதிலிருந்து கன்று எடுப்பவர்களும் உண்டு. இது பைட்டோபிளாஸ்மா தொற்று. பச்சைப்பூ நோய் என்றும் சிற்றிலை நோய் என்றும் சொல்வார்கள். பைட்டோபிளாஸ்மா என்பது செல்சுவர் இல்லாத நுண்ணுயிரி. செடியின் உணவுக்குழாய்களுக்குள் மட்டுமே வாழ்கிறது. 1967-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் இதைக் காணும் வரை, இவ்வகை நோய்களுக்கு வைரஸ்தான் காரணம் என்று உலகம் நம்பியிருந்தது. நித்தியகல்யாணி இந்த நுண்ணுயிரியின் பல வகைகளுக்கு மிக எளிதாக இடம் கொடுப்பதால், வேறு பயிர்களில் வந்த தொற்றை அம்மையார் கூந்தல் என்னும் ஒட்டுண்ணிக் கொடியின் வழியே இதற்கு மாற்றி, ஆய்வகங்களில் உயிரோடு பேணி வருகிறார்கள். தோட்டத்தில் நமக்கு இழப்பாக வரும் இதே குணம் ஆய்வாளர்களுக்குப் பேருதவியாக இருக்கிறது.

தோட்டத்தில் இதைப் பரப்புபவை தத்துப்பூச்சிகள். நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சிய பூச்சி, சில வாரங்களுக்குப் பிறகு தான் உண்ணும் ஒவ்வொரு செடிக்கும் தொற்றை அளிக்கும். டெட்ராசைக்ளின் வகை மருந்து அறிகுறிகளைச் சில காலம் அடக்கும். நிறுத்தியதும் திரும்ப வரும் என்பதால் வீட்டுத் தோட்டத்துக்கு அது தீர்வன்று. கிளையை வெட்டினாலும் பயனில்லை, ஏனெனில் தொற்று செடி முழுவதும் பரவியிருக்கும். ஒரே ஒரு பச்சைப் பூவைக் கண்டாலும் செடியை வேரோடு நீக்கிவிடுங்கள். அழகான செடியாயிற்றே என்று வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிகளுக்கு ஆபத்தான நாள். அதிலிருந்து தண்டு வெட்டி நடவே கூடாது, தொற்று அத்துண்டோடு வரும். சுற்றியுள்ள களைகளையும் அகற்றுங்கள். தத்துப்பூச்சி அங்கேதான் தங்கும்.

இலையில் பச்சையும் வெளிர்மஞ்சளும் ஒட்டுப்போட்டதுபோல் கலந்து, இலை நெளிந்திருந்தால் அது தேமல் வைரஸ், அசுவினிகள் பரப்புவது. அதற்கும் இதே முடிவுதான்.

செடி நலமாக இருந்தும் பூக்கவில்லை

நிழலே முதற்காரணம். தண்டு நீண்டு மெலிந்து, கணுவிடைகள் அகன்று, செடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வெளிச்சத்தைத் தேடுகிறது என்று பொருள். மாறாக, இலைகள் கரும்பச்சையாக, பெரிதாக, செழித்து அடர்ந்து, பூ மட்டும் இல்லையென்றால் தழைச்சத்து மிகுதி. உரத்தை இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். உதிர்ந்த பூக்களைக் கிள்ள வேண்டிய வேலையை இச்செடி வைப்பதில்லை, அவை தாமே விழுந்துவிடும். ஆனால் இளமையில் நுனி கிள்ளுவதும், வயதேறி அடி வெறுமையான செடியை வெப்பமான பருவத்தின் தொடக்கத்தில் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்வதும் கிளைகளைப் பெருக்கும். பூ கிளை நுனிகளில் வருவதால் கிளை பெருகினால் பூவும் பெருகும். வெறும் மரத்தண்டு வரை வெட்டிவிட வேண்டாம், சில இலைகளாவது எஞ்சியிருக்கட்டும்.

இலைகள் கடிபட்டுள்ளன அல்லது பிசுபிசுக்கின்றன

ஒரே இரவில் ஒரு கிளையின் இலைகள் அனைத்தும் காணாமற்போய், தரையில் மிளகளவு கரிய எச்சம் கிடந்தால், அரளி இலையை உண்ணும் பருந்தந்துப்பூச்சியின் புழுவைத் தேடுங்கள். விரல் நீளத்துக்கு வளரும் இப்பச்சைப் புழுவின் தலைக்குப் பின்னால் கண்போன்ற இரு நீலப் பொட்டுகளும் வால்பக்கம் ஒரு சிறு கொம்பும் இருக்கும். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மூன்றும் ஒரே குடும்பத்தவை. இவற்றின் நச்சுச்சாறு பல பூச்சிகளைத் தடுத்தாலும் இந்தப் புழுவை ஒன்றும் செய்வதில்லை. கையால் எடுத்துவிட்டாலே போதும், மருந்து வேண்டாம். இலை உண்ட செடி சில வாரங்களில் மீண்டும் தழைத்துவிடும்.

கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் மாவுப்பூச்சி; இளந்தளிரில் கூட்டமாக இருந்தால் அசுவினி. இவை கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படரும், எறும்பும் வரும். விசையான நீரால் அடித்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது மென்சோப்புடன் கலக்கி, வெயில் இல்லாத வேளையில், வாரம் ஒருமுறையாக மூன்று முறை தெளியுங்கள். எறும்பைத் தடுக்காவிட்டால் மாவுப்பூச்சி போகாது. வறண்ட வெப்பத்தில் இலையில் ஊசிக்குத்துப் போன்ற வெளிர்ப்புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் சிலந்திப்பேன். அதற்கும் இலையின் அடிப்பக்கத்தை நீரால் கழுவுவதே முதல் மருந்து.

விதை முளைக்கவில்லை, முளைத்த நாற்று சாய்கிறது

நித்தியகல்யாணி விதை இருளில்தான் நன்றாக முளைக்கும். மேலாகத் தூவிவிட்டு வெளிச்சத்தில் வைத்தவர்கள் பலர், விதை கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அரை செ.மீ. கலவையால் மூடி, 24 முதல் 27 பாகை வெப்பத்தில் வைத்து, தட்டின்மேல் கருந்தாளைப் போர்த்திவிடுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளை தெரியும். தெரிந்த அன்றே தாளை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும், தாமதித்தால் நாற்று வெளிறி நெடுகிவிடும். சொந்த விதையானால், இரட்டையாக நிற்கும் காய்கள் பச்சை மாறி மஞ்சளாகும்போதே பறித்துக் காகிதப் பையில் உலர்த்துங்கள். முழுவதும் காயவிட்டால் வெடித்துச் சிதறும்.

முளைத்த நாற்றுகள் மண்மட்டத்தில் நூலாக இளைத்துக் கூட்டமாகச் சாய்ந்தால் நாற்றழுகல். மீதியைக் காக்க நீரைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, சாய்ந்தவற்றை மண்ணோடு அள்ளி எடுத்துவிடுங்கள். அடுத்தமுறை பயன்படுத்தாத புதுக்கலவையில் இடைவெளி விட்டு விதையுங்கள்.

அறிகுறி செடியில் அன்று, அதைத் தின்றவரிடம்

மருந்துச்செடி என்ற பெயரே இங்கே ஆபத்தாகிவிடுகிறது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் நீரிழிவுக்கு உதவுமா என்று இதை ஆராய்ந்தபோது, சாறு செலுத்திய எலிகளின் வெள்ளணுக்கள் சரிவதைக் கண்டு வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அதன் இணையான வின்கிரிஸ்டினும் இரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இன்றும் தரப்படுகின்றன. இலையில் மிக மிக நுண்ணிய அளவே உள்ள அவற்றைப் பிரித்துத் தூய்மையாக்கி, எடை பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் நாளத்தில் செலுத்துவது வேறு. தோட்டத்து இலையைக் கசாயமாகக் குடிப்பது வேறு. அந்த இலையில் எந்தப் பொருள் எவ்வளவு உள்ளது என்பது செடிக்குச் செடி மாறும், நீரிழிவுக்கு மருந்து உண்பவருக்குச் சர்க்கரை அளவு எதிர்பாராமல் இறங்கவும் கூடும், கருவுற்றவருக்கு இது அறவே ஆகாது.

குழந்தையோ வளர்ப்பு விலங்கோ கால்நடையோ இலையைத் தின்று வாந்தி, தலைச்சுற்றல், கை கால் மரத்தல், தள்ளாட்டம் போன்றவை தெரிந்தால் வீட்டு வைத்தியம் செய்யாமல், வாந்தியையும் வலிந்து வரவழைக்காமல், உடனே மருத்துவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டு செல்லுங்கள். தின்ற செடியின் பூவும் இலையும் உள்ள ஒரு கிளையை ஒடித்து எடுத்துச் செல்ல மறவாதீர்கள். எந்தச் செடி என்பது தெரிந்துவிட்டால் மருத்துவரின் வேலை பாதி எளிதாகும். கவாத்து செய்பவர் கையுறை அணிந்துகொள்வதும், வேலை முடிந்ததும் கண்ணைத் தொடுவதற்கு முன் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், வெட்டிய கிளைகளை ஆடு மாடு எட்டாத இடத்தில் போடுவதும் அவசியம்.